“அதுக்கு எங்க ஊர்ல வேற பேரு!” - தண்டலம் அறைக்குள் ஒரு மன்னார் வளைகுடா

காலை ஏழே கால். தண்டலம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று நைட் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிடுகின்றன. நீலச் சட்டை, சாம்பல் சட்டை, எல்லோர் கழுத்திலும் ஐடி கார்டு. பாதிப் பேர் டீக்கடைக்கு ஒதுங்குகிறார்கள், மீதிப் பேர் நேராகப் படுக்கைக்குப் போகிறார்கள். பேரம்பாக்கம் போகும் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு சந்துக்குள் திரும்பி, இரும்புப் படி ஏறினால் அந்த அறை. நான்கு கட்டில்கள், எட்டுப் பேர். பகல் ஷிஃப்டுக்குப் போனவரின் கட்டிலில் நைட் ஷிஃப்ட் முடித்தவர் படுப்பார்.

“கட்டில் சூடு ஆறவே ஆறாது ப்ரோ” என்று சிரிக்கிறார் அந்த 24 வயது இளைஞர். கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வெல்டிங் லைனில் நிற்கிறார். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “லைன்ல ஓட்டியே கொன்னுடுவாங்க” என்பது காரணம்.

மற்றவர்கள் குளித்துவிட்டுப் போர்வைக்குள் போனதும், இவர் மட்டும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச்சை எடுக்கிறார். தீபாவளி போனஸில், ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. என்ன விலை என்று இதுவரை வீட்டில் சொல்லவில்லையாம். ஆன் செய்ததும் அறையின் அந்த மூலை மட்டும் நீலமாகிறது.

சுடுவதற்குத் துப்பாக்கி கிடையாது. ஓட்டுவதற்குக் காரும் கிடையாது. ஒருவர் கடலுக்குள் மெதுவாக நீந்துகிறார், மீன் பார்க்கிறார், போட்டோ எடுக்கிறார். அவ்வளவுதான் கேம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் டெஸ்க்கில் என்னிடம் கேட்டது, ‘பரீட்சை லீவுக்குக் குழந்தைகள் விளையாட 5 கடல் கேம்ஸ்’ என்ற லிஸ்ட். அதற்காகத்தான் கல்லூரி நண்பன் சொன்ன இந்த அறைக்குப் போனேன். லிஸ்ட்டை இன்னும் எழுதவில்லை.

சாகவே முடியாத கடல்

கேமின் பெயர் ‘எண்ட்லெஸ் ஓஷன் லூமினஸ்’. ஜப்பானின் அரிகா நிறுவனம் உருவாக்கி, நின்டெண்டோ 2024 மே 2-ல் வெளியிட்டது. இதற்கு ஒரு மூத்த அக்காவும் உண்டு. 2007-ல் வீ கருவிக்காக இதே நிறுவனம் செய்த ‘எண்ட்லெஸ் ஓஷன்’. ஜப்பானில் அதன் பெயர் ‘ஃபாரெவர் ப்ளூ’. கேம் என்றாலே அடிதடி என்றிருந்த நாளில், கையில் கேமராவோடு கடலுக்குள் சுற்றிப் பார்க்க மட்டும் ஒரு கேம் என்பது அப்போது கொஞ்சம் வினோதமாகத்தான் பார்க்கப்பட்டது.

புதிய கேமில் ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் கடலடியின் அமைப்பு மாறிவிடும். நேற்று பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் இன்று பாறை இருக்கலாம். 500-க்கும் மேற்பட்ட கடல் உயிரினங்கள் உண்டு. அருகில் போய் ஒரு பட்டனை அழுத்தினால் அதை ஸ்கேன் செய்து, பெயரையும் குறிப்பையும் ஒரு குரல் வாசிக்கும். ஆன்லைனில் 30 பேர் வரை ஒரே கடலில் இறங்கலாம். ஆக்சிஜன் தீராது. சுறா கடிக்காது. நீங்கள் நினைத்தாலும் சாக முடியாது.

வெளிநாட்டு விமர்சகர்கள் பலர் “போரடிக்கிறது” என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் விளையாடிய முதல் அரை மணி நேரத்தில் ஒரே வகை மீனை ஏழெட்டு முறை ஸ்கேன் செய்தேன். வாசிக்கும் குரலுக்கும் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கோ ஒரு கடலில் வாழும் மீன், இன்னொரு கடல் மீனோடு பக்கத்தில் நீந்துகிறது. ஆனால், பத்து மணி நேரம் நின்றுகொண்டு ஸ்பாட் வெல்டிங் பார்த்துவிட்டு வந்த ஒருவருக்கு இந்தப் போர் வேறு மாதிரி தெரிகிறது.

“கண்ணு எரியும் ப்ரோ. கண்ண மூடினா பொறி பறக்கும். இதைக் கொஞ்ச நேரம் பார்த்தாத்தான் தூக்கம் வரும்” என்கிறார்.

அது முதல் வாரக் கதை. இரண்டாவது வாரத்தில் அம்மா உள்ளே வந்தார்.

நோட்டுப் புத்தகம்

ஒரு நாள் காலை வீடியோ காலில் அம்மாவோடு பேசிக்கொண்டே விளையாடியிருக்கிறார். “என்னடா கையில?” என்று அம்மா கேட்க, ஸ்விட்ச்சின் திரையைப் போன் கேமராவுக்கு முன்னால் பிடித்திருக்கிறார். திரையில் ஒரு பெரிய திருக்கை, சிறகை விரித்துப் போய்க்கொண்டிருந்தது. ‘மான்டா ரே’ என்றது கேம்.

“கொம்புத் திருக்கைடா அது!” என்றாராம் அம்மா.

அடுத்தது உப்பிப்போன ஒரு மீன். அம்மா சொன்னது, பேத்தை. பாறைப் பொந்திலிருந்து வாயைத் திறந்து எட்டிப் பார்த்த பாம்பு போன்ற ஒன்று, அஞ்சாலை. கேம் ‘ட்ரிகர் ஃபிஷ்’ என்றால், அம்மாவுக்கு அது கிளாத்தி. ‘ஜெல்லி ஃபிஷ்’ என்றால் சொறி. “அது மேல பட்டா ராத்திரி முழுக்கத் தூக்கம் கெடையாது. உங்க கேமுல சொறி சொறியுமா?” என்று கேட்டிருக்கிறார். சொறியாது என்றதும், “அப்புறம் என்ன கடலு?” என்று சிரித்திருக்கிறார்.

இந்த கேமில் தமிழ் கிடையாது. அந்தக் குறையை அம்மா தீர்த்துவைக்கிறார். மகன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இடது பக்கம் கேம் சொல்லும் பெயர், வலது பக்கம் அம்மா சொல்லும் பெயர் என்று எழுதத் தொடங்கினார். நான் பார்த்தபோது எழுபது பெயர்களைத் தாண்டியிருந்தது. சிலவற்றுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோமாளி மீனுக்கு எதிரே ‘பார் மீன்’ என்று மட்டும் இருந்தது. பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டு. அங்கே சுற்றும் சின்ன மீனெல்லாம் பார் மீன்தான்.

“இதுக்குத் தனிப் பேரு இல்லையாம்மா?”

“அதை யாரு தின்னா, பேரு வைக்க?”

நோட்டில் ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு மையில் வட்டம். ‘ஆவுலியா’ என்று எழுதி, எதிரே கேள்விக்குறி. நாம் பாடப் புத்தகத்தில் கடற்பசு என்று படித்த உயிரினத்துக்கு அந்தப் பகுதியில் அதுதான் பெயர். கடற்புல் மேயும் சாதுவான பாலூட்டி. இந்தியக் கடலில் மிஞ்சியிருப்பவை சில நூறுதான் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அவற்றுக்காகவே 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் இப்படி ஒன்று அதுதான் முதல்.

அம்மா தன் வாழ்நாளில் ஆவுலியாவை இரண்டு முறை தண்ணீருக்குள் நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். மகன் கேமில் இன்னும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. “உள்ள இருக்கான்னே தெரியல ப்ரோ. தேடிட்டே இருக்கேன்.”

அம்மாவுக்குக் கடலுக்குள் இவ்வளவு எப்படித் தெரியும் என்ற கேள்வியை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அவர் பாசி எடுக்கிறவர்.

மூச்சை அடக்கி ஒரு வேலை

மன்னார் வளைகுடாவில், பாம்பன் தொடங்கிக் கடற்கரையோரக் கிராமங்களில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, பாறை கிழித்துவிடாமல் விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் ஒரு பை. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பறித்து, மூச்சு முட்டும்போது மேலே வருவார்கள். மறுபடி உள்ளே. இப்படி ஒரு நாளில் எத்தனை முறை என்று கேட்டால், “அதை யாரு எண்ணுனா தம்பி” என்கிறார் அம்மா, போனில் என்னிடம்.

முக்கியமாக எடுப்பது மரிக்கொழுந்துப் பாசி. ஐஸ்க்ரீம், ஜெல்லி, ஆய்வுக்கூடம் என்று பல இடங்களில் பயன்படும் அகர் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நீங்கள் கடைசியாகச் சாப்பிட்ட கடற்பாசி ஜெல்லியில், யாரோ ஓர் அம்மா அடக்கிய மூச்சு இருந்திருக்கலாம்.

இந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசிக்குப் போவது. பாசி பெருகும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் போகாமல் இருப்பது. வேரோடு பிய்க்காமல், மறுபடி வளர விட்டுப் பறிப்பது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, இந்தப் பெண்களை ஒருங்கிணைத்ததற்காக 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருதைப் பெற்றார். 10,000 டாலர் பரிசு. சிறுமியாக இருந்தபோதே பாசிக்கு இறங்கியவர் அவர்.

கேம் வந்த ஜப்பானிலும் இப்படிப் பெண்கள் உண்டு. மியே மாகாணக் கடற்கரையில் மூச்சை அடக்கி மூழ்கி, சிப்பியும் பாசியும் எடுப்பவர்கள். பெரும்பாலும் வயதான பெண்கள். அவர்களை அங்கே ‘அமா’ என்று அழைக்கிறார்கள். கிட்டத்தட்ட நம்ம அம்மா! தென்கொரியாவின் ஜெஜு தீவில் அவர்களுக்கு ‘ஹென்யோ’ என்று பெயர். 2016-ல் யுனெஸ்கோ அவர்களின் பண்பாட்டை உருவமற்ற பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் ஊரில் நிலைமை கொஞ்சம் சிக்கல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தீவுகளை ஒட்டிப் போய்ப் பாசி எடுக்கச் சட்டப்படி தடை இருக்கிறது. பாசி பறிக்கும்போது பவளப்பாறை மிதிபடும், உடையும் என்பது தடைக்குச் சொல்லப்படும் காரணம். “எங்க பாட்டி போன எடம். நாங்க மிதிச்சா ஒடைஞ்சது?” என்பது பெண்கள் தரப்பு. இரண்டு பக்கத்திலும் கேட்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஒரு கேம் பற்றிய கட்டுரையில் தீர்ப்பு சொல்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

தண்டலம் இளைஞருக்கு இதில் வேறு கவலை. “அம்மாவ தண்ணிலருந்து வெளிய எடுக்கணும்னுதான் நான் இங்க வந்தேன். காதுல அடிக்கடி வலி வரும். இடுப்பு வலி. மாசாமாசம் பணம் அனுப்புறேன், போகாதம்மான்னு சொல்றேன். கேக்க மாட்டாங்க. இப்ப இந்த நோட்டு எழுத ஆரம்பிச்சதுக்கு அப்புறம்…” என்று நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க வீட்டுல உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச கடைசி ஆளு அவங்கதான் ப்ரோ. நான் கடல்ல கால் நனைச்சவன், அவ்வளவுதான். தங்கச்சி நர்ஸிங் படிக்குது” என்றார்.

சிவப்பு எங்கே போகிறது?

கேமில் எந்த ஆழத்திலும் மீன்கள் பளபளவென்று தெரிகின்றன. நிஜக் கடல் அப்படி இல்லை. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கத் தொடங்கும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள் என ஒவ்வொன்றாக விடைபெறும். கடைசியில் மிஞ்சுவது பச்சையும் நீலமும். அதனால்தான் கடலடிப் புகைப்படக் கலைஞர்கள் உச்சி வெயிலிலும் விளக்கோடு இறங்குகிறார்கள். அந்த விளக்கையும் நேராக அடித்தால் தண்ணீரில் மிதக்கும் தூசி எல்லாம் பனி கொட்டுவதுபோல் படத்தில் விழும். பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். மிக அருகில் போக வேண்டும். தூரத்திலிருந்து ஜூம் செய்கிற வேலை இங்கே செல்லாது.

1893-ல் பிரான்ஸின் தென்கோடிக் கடற்கரை ஊர் ஒன்றில் லூயி பூட்டான் என்ற உயிரியலாளர், நீர் புகாத பெட்டிக்குள் கேமராவை வைத்துக் கடலடியில் படம் எடுத்தார். வண்ணத்துக்கு இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1926-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடலில் லாங்லி என்ற மீனியலாளரும் சார்லஸ் மார்ட்டின் என்ற புகைப்படக்காரரும், வெளிச்சத்துக்காகத் தண்ணீருக்கு மேலே மிதவையில் மக்னீசியம் பொடியை வெடிக்க வைத்து ஒரு மீனை வண்ணத்தில் பிடித்தார்கள். மீனுக்கு என்ன ஆனது என்று தெரியாது, பாவம். அந்தப் படங்கள் 1927 ஜனவரி நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வந்தன.

இதையெல்லாம் இளைஞர் அம்மாவிடம் போனில் விளக்க, அவர் இடையில் வெட்டினார். “இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்? செகப்புப் பாசி உள்ள மங்கலாத்தான் கெடக்கும். மேல கொண்டு வந்தாத்தான் செகப்பு.”

வெள்ளையாகிப்போன பார்

லூமினஸ் கேமின் கதையில் கடலைக் காக்கும் ஒரு பெரிய பவளம் வாடிக்கொண்டிருக்கும். நீங்கள் உயிரினங்களை ஸ்கேன் செய்து ஒளியைச் சேகரித்துக் கொடுத்தால் அது பிழைக்கும். இளைஞர் அதை அம்மாவுக்குக் காட்டியபோது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினாராம்.

“எங்க பாரும் இப்படித்தான் போச்சு. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. ஒரு கோடைல போயிப் பாத்தா, அங்கங்க வெள்ள வெளேர்னு கெடக்கு” என்று என்னிடமும் சொன்னார். எந்த வருஷம் என்று கேட்டேன். மகன் ஐ.டி.ஐ சேர்ந்ததற்கு ஒரு வருஷம் முந்தி என்றார். கணக்குப் போட்டால் 2016 வருகிறது.

அந்த ஆண்டு மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தன. கடல் நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நீடித்தால், பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் கொடுக்கும் நுண்பாசிகள் வெளியேறிவிடும். வெள்ளை எலும்புக்கூடு மட்டும் தெரியும். வெப்பம் சீக்கிரம் தணிந்தால் அது பிழைத்துக்கொள்ளும். தணியாவிட்டால் சாகும். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் தீவு தீவாக மூழ்கிக் கணக்கெடுத்தபோது, 38.9 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 22.7 சதவீதமாகக் குறைந்திருந்தது. இதற்கு முன்பு 2010-லும் பெரிய அளவில் வெளுத்திருக்கிறது.

அவர்கள் கணக்கெடுக்கும் விதம் இந்தக் கேமை ஆடியவர்களுக்கு உடனே புரியும். கடலடியில் ஒரு அளவு நாடாவை விரிக்கிறார்கள். அதை ஒட்டியபடி நீந்தி, எந்தப் பவளம், உயிரோடு இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று எழுதிக்கொள்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி இறங்குகிறார்கள். மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் இருப்பது இப்படிப் பொறுமையாகப் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்தது. கேம்போல ஒளி கொடுத்துப் பவளத்தை எழுப்ப முடியாது. ஆனால், உயிருள்ள பவளத் துண்டுகளை எடுத்து அழிந்த இடங்களில் நடும் வேலையை 2002-லிருந்து இந்த நிறுவனம் செய்துவருகிறது. நாற்று நடுவதுபோல.

வெப்பத்துக்கு முன்பு நம் கையாலும் அழித்திருக்கிறோம். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது தண்ணீருக்கு அடியில்.

கேமைப் பார்த்து அம்மா கேட்ட ஒரு கேள்விதான் எனக்கு மறக்கவில்லை. “எல்லாம் அழகாத்தான் இருக்கு. வலை எங்க? வள்ளம் எங்க? அந்தக் கடல்ல யாருக்குமே பொழப்பு இல்லையா?”

மகனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஜப்பானில் அதைச் செய்தவர்களிடம் ஒருவேளை இருக்கலாம்.

அறையிலிருந்து 6,000 மீட்டர்

பேச்சு ஆழ்கடல் பக்கம் போனபோது அந்த அறையில் போர்வைக்குள் இருந்த இன்னும் இருவர் எழுந்து உட்கார்ந்தார்கள். பேச்சு வெல்டிங்குக்கு வந்துவிட்டதுதான் காரணம்.

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிறது தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் ‘மத்ஸ்யா 6000’ வாகனத்தை அதுதான் உருவாக்குகிறது. சமுத்ரயான் திட்டம். ஆட்கள் உட்காரும் கோளத்தின் விட்டம் 2.1 மீட்டர்தான். மூன்று பேர், ஒரு சின்னப் பாத்ரூம் அளவு இடம், பல மணி நேரப் பயணம். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில், பயிற்சியாக பிரான்ஸின் ‘நாட்டில்’ நீர்மூழ்கியில் அட்லாண்டிக் கடலில் இந்தியர்கள் இருவர் இறங்கினார்கள். இந்தக் கழகத்தின் விஞ்ஞானி ராஜு ரமேஷ் 4,025 மீட்டர். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஜதீந்தர் பால் சிங் 5,002 மீட்டர்.

நிஜமாக இறங்க வேண்டிய டைட்டானியம் கோளத்தின் சுவர் 80 மில்லிமீட்டர் தடிமன். அதை எலக்ட்ரான் பீம் முறையில் இணைக்க இஸ்ரோவுக்குச் சுமார் 700 சோதனை வெல்டிங் தேவைப்பட்டது. இதைச் சொன்னதும் கட்டிலில் இருந்தவர் விசில் அடித்தார். “எம்பது எம்.எம்மா! நாங்க ஒண்ணு ரெண்டு எம்.எம் தகட்டுக்கே ரிஜெக்ட் வாங்குறோம்.” அடுத்த இருபது நிமிடம் அந்த அறையில் கடல் இல்லை, வெல்டிங் மட்டும்தான். எனக்குப் பாதி புரியவில்லை.

விட்டுப்போன லிஸ்ட்டுக்காக ஒன்றிரண்டு மட்டும். 2020-ல் வந்த ‘பியாண்ட் ப்ளூ’வில் மிராய் என்ற கடல் ஆய்வாளராக நீங்கள் திமிங்கிலக் குடும்பத்தைப் பின்தொடர்வீர்கள். நடுநடுவே நிஜ விஞ்ஞானிகள் பேசும் குறும்படங்களும் வரும். பிபிசியின் கடல் தொடரால் தூண்டப்பட்டது. பெரியவர்களுக்கும் பிடிக்கும். அதே ஆண்டு நாசா வெளியிட்ட ‘நீமோ-நெட்’ இன்னும் சுவாரஸ்யம். நிஜப் பவளப்பாறைகளின் முப்பரிமாணப் படத்தில் எது எந்தப் பவளம் என்று நீங்கள் வண்ணம் தீட்ட வேண்டும். அதை வைத்து நாசாவின் கணினி பவளங்களை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும். விளையாட்டுக்கு விளையாட்டு, வேலைக்கு வேலை.

ஒரு காலத்தில் கேம் என்றால் நமக்கு நோக்கியா போனின் பாம்புதான். அந்த நோக்கியாவின் தொழிற்சாலை 2006 முதல் 2014 வரை இதே ஸ்ரீபெரும்புதூரில்தான் ஓடியது. இந்த அறைக்கு முன்பு குடியிருந்தவர்களில் சிலர் அங்கே வேலை பார்த்தவர்களாம். சுவரில் யாரோ கீறிவைத்த ஷிஃப்ட் கணக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு பச்சைப் படம்

கிளம்பும் நேரத்தில் இளைஞர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது எடுத்தது. ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் போனைப் போட்டு, ஊர்க் கரையோரமாக, இடுப்பளவு தண்ணீரில் அம்மாவோடு இறங்கியிருக்கிறார். அம்மாவின் பழைய கண்ணாடி இவர் முகத்தில். இரண்டு முறை உப்புத் தண்ணீர் குடித்து, மூன்றாவது முறை தலையை உள்ளே விட்டாராம்.

“நான் மூச்சு வாங்கிட்டு நிக்கிறேன் ப்ரோ, அம்மா உள்ள போயி உக்காந்திருக்காங்க. சும்மா வீட்டுத் திண்ணைல உக்காந்த மாதிரி.”

படம் முழுக்கக் கலங்கிய பச்சை. மூலையில் இவருடைய விரலே பாதியை மறைத்திருக்கிறது. நடுவில் மங்கலாக ஒரு கை. விரல்களில் துணி சுற்றிய கை. அது எதையோ சுட்டிக்காட்டுகிறது. என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

“கேட்டுடலாம்” என்று அம்மாவுக்குப் படத்தை அனுப்பி, வீடியோ கால் போட்டார். அம்மா போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அதுவா? குருத்துடா. மரிக்கொழுந்து அப்பத்தான் துளிர்த்திருந்துச்சு. இதுல கை வைக்கக் கூடாதுன்னுதான அன்னைக்குக் காட்டுனேன்? நீ எங்க கவனிச்ச, போனத்தான பாத்துக்கிட்டு இருந்த.” பிறகு, “இந்நேரம் வளந்துருக்கும். அடுத்த அமாவாசைக்குப் போனாப் பாக்கணும்” என்றார்.

“அமாவாசைக்குப் போறியா? காது?”

“வச்சிரு, சோறு பொங்குது.”

அவர் நோட்டை எடுத்தார். இடது பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை. வலது பக்கத்தில் ‘குருத்து’ என்று எழுதி, பக்கத்தில் அமாவாசைத் தேதியையும் குறித்துக்கொண்டார். ஸ்விட்ச்சைச் சார்ஜில் போட்டுவிட்டு, இன்னும் சூடு ஆறாத கட்டிலில் படுத்தார்.